உயிரோடிருப்பவனின் வாக்குமூலம்: குடும்பக் கொலைகளும் சிறைப் பேட்டியின் வரலாறும்

ஒரு வீட்டுக்குள் நடக்கும் கொலைக்குச் சாட்சி அந்த வீட்டில் இருந்தவர்கள்தாம். அவர்கள் இறந்துபோன பிறகு, நடந்ததைச் சொல்ல மிஞ்சுபவர் பல வழக்குகளில் கொன்றதாகச் சந்தேகிக்கப்படுபவர் மட்டுமே. செய்தி சேகரிக்கப் போகும் நிருபருக்கு இதைவிடப் பெரிய இக்கட்டு இல்லை. தீர்ப்புக்குப் பின்னும் அந்த ஒருவரின் பேச்சு ஓய்வதில்லை; குறிப்பேடும் ஒலிநாடாவும் கேமராவும் அவரைத் தேடிச் சிறைக்குப் போகின்றன. இப்படிப் பேசி எழுதும் முறை எவ்வாறு உருவானது, அதில் இறந்தவர்களின் இடம் எவ்வாறு சுருங்கியது என்பதை இக்கட்டுரை சில வழக்குகளைக் கொண்டு ஆராய்கிறது.

தொடக்கத்தில் இந்த வேலையைச் செய்தவர் ஒரு பாதிரியார். லண்டன் நியூகேட் சிறையில் தூக்குக் கைதிகளுக்கு இறுதி ஆறுதல் சொல்லும் பொறுப்பிலிருந்தவர், அவர்களின் வாழ்க்கைக் கதையையும் ஒப்புதலையும் கேட்டெழுதி, அச்சிட்டு விற்றார். 1670கள் முதல் ஏறத்தாழ நூறாண்டுகள் இவ்வழக்கம் நீடித்தது. விற்ற பணம் அவருக்கே உரியது. கைதியின் மனத்தைத் திறக்க வைப்பவருக்கு அதில் ஆதாயமும் உண்டு என்ற முடிச்சு அன்று விழுந்தது, இன்றுவரை அவிழவில்லை. தமிழ்நாட்டுச் சந்தைகளிலும் ரயில்களிலும் பாடி விற்கப்பட்ட கொலைச் சிந்துகள் வேறு வழியில் போயின. சிந்து பாடியவர் யாரையும் பேட்டி காணவில்லை; ஊர்ப்பேச்சும் செய்தித்தாளும் அவருக்குப் போதும். துல்லியம் குறைவுதான். ஆனால் சிறைக் கதவைத் தட்டாததால் கொலையாளியின் தயவும் அவருக்குத் தேவைப்படவில்லை.

இன்றைய முறையின் வேர் அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் ஹோல்கோம் என்ற சிற்றூரில் இருக்கிறது. 1959 நவம்பர் 15 அன்று அங்கே கிளட்டர் என்ற விவசாயியும் மனைவியும் பதின்வயதுப் பிள்ளைகள் இருவரும் சுட்டுக் கொல்லப்பட்டனர். மறுநாள் நியூயார்க் டைம்ஸில் வந்த சிறு செய்தியைப் படித்துவிட்டு எழுத்தாளர் ட்ரூமன் கப்போட்டி அந்த ஊருக்குப் போனார். தோழியும் நாவலாசிரியையுமான ஹார்ப்பர் லீ உடன் சென்றார். கொலையாளிகள் பெர்ரி ஸ்மித்தும் ரிச்சர்ட் ஹிக்காக்கும் பிடிபட்டு மரண தண்டனை பெற்ற பிறகு, கப்போட்டி அவர்களைச் சிறையில் சந்தித்தும் கடிதம் எழுதியும் ஐந்தாண்டுகள் பழகினார். அவர்களின் முடிவு தெரியாமல் புத்தகத்தை முடிக்க வழியில்லை. 1965 ஏப்ரல் 14 அன்று இருவரும் தூக்கிலிடப்பட்டனர். அன்று அவர் அங்கே இருந்தார். அவ்வாண்டு இலையுதிர் காலத்தில் நியூயார்க்கர் இதழில் நான்கு பகுதிகளாகத் தொடர் வந்தது. 1966இல் ‘இன் கோல்ட் பிளட்’ நூலானது.

பேட்டியின்போது குறிப்பெடுக்கவில்லை, எல்லாம் நினைவிலிருந்தே எழுதினேன் என்று கப்போட்டி பெருமையாகச் சொன்னார். 1966இலேயே எஸ்க்வயர் இதழில் ஃபிலிப் டாம்ப்கின்ஸ் நூலிலுள்ள விவரங்களைப் பதிவேடுகளோடும் சாட்சிகளோடும் ஒப்பிட்டு முரண்பாடுகளை வெளியிட்டார். நூலின் இறுதியில் வரும் கல்லறைத் தோட்டக் காட்சி கற்பனை என்பதும் பின்னர் உறுதியானது. எனக்கு இவற்றைவிடப் பெரிதாகப் படுவது வேறொன்று. ஸ்மித்தின் குழந்தைப் பருவம், கனவுகள், காயங்கள் எல்லாம் வாசகர் மனத்தில் ஒட்டிக்கொண்டன. கிளட்டர் குடும்பத்தில் அன்று வீட்டில் இல்லாததால் உயிர் பிழைத்த மூத்த மகள்கள் இருவரோ பல பத்தாண்டுகள் பேட்டி கொடுக்காமல் ஒதுங்கியே வாழ்ந்தனர். ஐந்தாண்டுகள் பேச ஒரு ஆள் கிடைத்தால் அவன் பக்கம் பக்கங்கள் பெருகுவது இயல்பு. இதை எழுத்தாளரின் கெட்ட எண்ணம் என்று சொல்ல மாட்டேன். முறையே அப்படித்தான் சாய்கிறது.

அந்தச் சாய்வு முழுமையாக வெளிப்பட்டது ஜெஃப்ரி மக்டொனால்ட் வழக்கில். 1970 பிப்ரவரி 17 அதிகாலை, வட கரோலினாவின் ஃபோர்ட் பிராக் ராணுவக் குடியிருப்பில் கர்ப்பிணி மனைவியும் 5, 2 வயது மகள்களும் கொல்லப்பட்டுக் கிடந்தனர். ராணுவ மருத்துவரான கணவர் மக்டொனால்ட் காயங்களோடு பிழைத்தார். போதையில் வந்த ஹிப்பிக் கும்பல் தாக்கியது என்றார். கட்டில் தலைப்பலகையில் ரத்தத்தால் ஒரு சொல் எழுதப்பட்டிருந்தது. வரவேற்பறையில் சார்லஸ் மேன்சன் கும்பலின் கொலைகளைப் பற்றிய கட்டுரை அடங்கிய எஸ்க்வயர் இதழ் கிடந்தது. அவர் சொன்ன கதைக்கு அந்த இதழே மூலம் என்று அரசுத் தரப்பு பின்னாளில் வாதிட்டது. குற்றச் செய்தி குற்றம் நடந்த அறைக்குள்ளேயே தடயமாகக் கிடந்த வழக்கு இது.

அதே ஆண்டு ராணுவ விசாரணை அவர்மேல் இருந்த குற்றச்சாட்டைக் கைவிட்டது. டிசம்பரில் டிக் கேவெட்டின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் அவர் தோன்றி, ராணுவம் தனக்கு இழைத்த அநீதியைப் பேசினார். அதுவரை மருமகனுக்காகப் போராடிய, மனைவியின் வளர்ப்புத் தந்தை ஃபிரெட்டி கசாப் அந்தப் பேச்சில் துக்கத்தைக் காணவில்லை. விசாரணையின் எழுத்துப் பதிவை வாங்கித் திரும்பத் திரும்பப் படித்தார், சந்தேகம் உறுதியானது. அவர் விடாமல் அலைந்ததால் 1975இல் மக்டொனால்ட்மேல் குற்றம் சாட்டப்பட்டு, 1979 ஆகஸ்ட் 29 அன்று மூன்று ஆயுள் தண்டனைகள் விதிக்கப்பட்டன. மகளையும் பேத்திகளையும் இழந்த அவர் நம்பியது ஆவணத்தை. எழுத்தாளர் ஜோ மக்கினிஸ் நம்பியது நெருக்கத்தை.

மக்கினிஸ் மக்டொனால்டின் வழக்கறிஞர் குழுவில் ஒருவராகச் சேர்க்கப்பட்டார். விசாரணை நாட்களில் அவர்களோடு ஒரே வீட்டில் தங்கினார். நூல் வருமானத்தில் மக்டொனால்டுக்கும் பங்கு என்று ஒப்பந்தம். தீர்ப்பு வருமுன்னே இவரே கொலையாளி என்ற எண்ணம் அவருக்குள் பலப்பட்டிருந்தது. ஆனாலும் சிறைக்கு எழுதிய கடிதங்களில் தண்டனை அநியாயம் என்று ஆறுதல் சொன்னார். மக்டொனால்ட் நம்பினார், சிறையிலிருந்தே தம் வாழ்க்கையை ஒலிநாடாக்களில் பேசி அனுப்பினார். 1983இல் ‘ஃபேட்டல் விஷன்’ வெளியாகும் தறுவாயில், ‘60 மினிட்ஸ்’ நிகழ்ச்சிக்காக மைக் வாலஸ் பேட்டி கண்டபோதுதான் நூல் தம்மைக் கொலையாளி என்று சொல்வது அவருக்குத் தெரிந்தது.

அவர் மக்கினிஸ்மேல் வழக்குத் தொடுத்தார். 1987இல் லாஸ் ஏஞ்சலிஸில் நடந்த விசாரணையில் ஆறு ஜூரிகளில் ஐவர், மூன்று கொலைகளுக்குத் தண்டனை பெற்றவர் பக்கம் நின்றனர். ஒருமித்த முடிவு வராததால் விசாரணை முறிந்து, 3,25,000 டாலரில் சமரசம் ஆனது. பேட்டி தருபவரிடம் உண்மைக்குப் புறம்பாகப் பேசுவது தொழிலில் வழக்கம்தான் என்று பெயர்பெற்ற எழுத்தாளர்களே மக்கினிஸுக்காகச் சாட்சி சொன்னார்கள். ஜூரிகளைத் திகைக்க வைத்தது அதுவே.

1989இல் ஜேனட் மால்கம் நியூயார்க்கரில் இந்த வழக்கை எடுத்து, இதழாளர் தொழிலையே விசாரணைக் கூண்டில் நிறுத்தினார். பேட்டி தருபவரின் தன்மோகத்தையும் தனிமையையும் எழுதுபவர் பயன்படுத்திக்கொள்கிறார் என்பது அவர் வாதம். அன்று கோபித்த பத்திரிகையுலகம் பின்னர் நூலான அக்கட்டுரையைப் பாடமாக வைத்தது. அவர் காட்டிய துரோகம் உண்மையே. ஆனால் கொலையைச் செய்தது யார் என்ற கேள்வியை அவர் ஓரமாக நகர்த்திவிட்டார். 2012இல் இவ்வழக்கை மறுபடி ஆராய்ந்த ஆவணப்பட இயக்குநர் எரால் மாரிஸ் இதையே கண்டித்தார். மூன்று உயிர்களின் வழக்கு இரண்டு ஆண்களின் கடித உறவு பற்றிய வழக்காக மாறியபோது, அக்குழந்தைகள் இரண்டாம் முறை அறையை விட்டு வெளியேற்றப்பட்டார்கள் என்றே நினைக்கிறேன்.

பிரான்சில் எம்மானுவேல் கரேர் இன்னொரு வழியைத் தேடினார். உலக சுகாதார நிறுவனத்தில் மருத்துவர் என்று பதினெட்டு ஆண்டுகள் ஊரை நம்பவைத்த ழான்-குளோத் ரொமான், 1993 ஜனவரியில் மனைவி, இரு குழந்தைகள், பெற்றோர் ஆகிய ஐவரையும் கொன்றார். கரேர் அவருக்குக் கடிதம் எழுதினார். பதில் வர இரண்டாண்டுகள் ஆயின. கப்போட்டி போல மறைந்து நின்று எழுதப் பலமுறை முயன்று தோற்று, கடைசியில் ‘நான்’ என்று தொடங்கித்தான் 2000இல் ‘லாத்வெர்சேர்’ நூலை முடித்தார். எழுதுபவர் எங்கே நிற்கிறார், எதற்குக் கூசுகிறார் என்பது வாசகருக்குத் தெரிந்துவிடுகிறது. இந்த வரிசையில் நான் அதிகம் மதிப்பது இதையே.

இந்தியாவில் சிறைப் பேட்டி பற்றிய கேள்வி சட்டத்தின் வாசலில் எழுந்தது. 1978இல் டெல்லியில் கீதா சோப்ரா, சஞ்சய் சோப்ரா என்ற அக்காள் தம்பியைக் கடத்திக் கொன்ற பில்லா, ரங்கா இருவரையும் சிறையில் பேட்டி காண ஹிந்துஸ்தான் டைம்ஸின் பிரபா தத் அனுமதி கேட்டார். பத்திரிகையின் உரிமை வரம்பற்றது அன்று. ஆனால் கைதி விரும்பினால், தக்க காரணமின்றிப் பேட்டியை மறுக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1994இல் மரண தண்டனைக் கைதி ஆட்டோ சங்கரின் தன்வரலாற்றை நக்கீரன் இதழ் வெளியிடுவதைச் சிறைத்துறை தடுக்க முயன்றபோது, வெளியீட்டுக்கு முன்பே தடை போட அதிகாரிகளுக்கு உரிமையில்லை என்றது அதே நீதிமன்றம். பாலியல் வன்முறைக்கும் கடத்தலுக்கும் ஆளான பெண்ணின் பெயரை வெளியிட்டு அவரை மேலும் இழிவுபடுத்தக் கூடாது என்ற விலக்கும் அத்தீர்ப்பில் உண்டு. தண்டனைக் கைதியின் பேச்சைப் பற்றிய தீர்ப்பில் பாதிக்கப்பட்டவருக்கென்று எழுதப்பட்ட அந்தச் சில வரிகள் விலைமதிப்பற்றவை.

ஆனாலும் பேட்டிக்குத் தேவைப்படுவது கைதியின் சம்மதம். பிள்ளைகளைப் பறிகொடுத்த பெற்றோரைக் கேட்க வேண்டும் என்ற விதி இல்லை. பில்லாவும் ரங்காவும் 1982 ஜனவரியில் தூக்கிலிடப்பட்டனர். கடத்தியவர்களோடு காருக்குள் போராடிய அந்த இரு பிள்ளைகளின் பெயரில், துணிச்சல் காட்டும் சிறுவர் சிறுமியருக்கான விருதுகள் 1978இலேயே நிறுவப்பட்டிருந்தன.