மருத்துவக் கல்லூரி வாசலில் இரு வழக்குகள்



நீட் பற்றிய நம் பேச்சு பெரும்பாலும் 2017இல் தொடங்குகிறது. வழக்கு அதைவிடப் பழையது. மருத்துவம் படிக்கத் தகுதியானவர் யார் என்று அளக்கும் கோல் யார் கையில் இருப்பது? இந்தக் கேள்வியை இரண்டு பெண்களின் வழக்குகள் வழியாக இன்று பார்க்கலாம்.

முதல் வழக்கு செண்பகம் துரைராஜனுடையது. அன்றைய சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி ஆணை, கல்லூரியின் ஒவ்வொரு 14 இடங்களையும் இப்படிப் பிரித்தது: பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணர்களுக்கு 2, 'அரிசனங்கள்' என்று எழுதப்பட்ட நமக்கு 2, ஆங்கிலோ இந்தியருக்கும் கிறித்தவருக்கும் சேர்த்து 1, முஸ்லிம்களுக்கு 1. பிராமணப் பெண்ணான செண்பகம், இது தன் அடிப்படை உரிமையைப் பறிக்கிறது என்று 1950இல் வழக்குத் தொடுத்தார். மருத்துவக் கல்லூரிக்கு அவர் விண்ணப்பம்கூடப் போட்டிருக்கவில்லை. ஆனாலும் வென்றார். 1951 ஏப்ரல் 9 அன்று உச்ச நீதிமன்றம் ஆணையைச் செல்லாததாக்கியது.

வேலைவாய்ப்பில் இட ஒதுக்கீட்டுக்கு அரசியலமைப்பில் 16(4) இருந்தது. கல்விக்கு அப்படி ஒரு பிரிவு இல்லை. அந்த ஓட்டை இந்தத் தீர்ப்பில்தான் வெளிப்பட்டது. தமிழகம் கொதித்தது, பெரியாரின் இயக்கம் தெருவில் இறங்கியது. சட்ட அமைச்சர் அம்பேத்கர் நாடாளுமன்றத்தில் திருத்தத்துக்காக வாதாடினார். 1951 ஜூனில் முதல் திருத்தமாக 15(4) வந்தது. பட்டியல் சாதியினர், பழங்குடியினர் என்ற சொற்கள் அதில் வெளிப்படையாகவே உள்ளன. நம் பிள்ளைகள் இன்று கல்லூரியில் கேட்டு வாங்கும் இடத்தின் சட்ட அடித்தளம், ஒரு மருத்துவ இட வழக்கில் தோற்றதால் கிடைத்தது.

வகுப்புவாரி உரிமையை நேரடியாகத் தடுக்க முடியாமல் போன பிறகு, அளவுகோல் மாறத் தொடங்கியது. 1984இல் தமிழகம் தொழிற்கல்விக்கு நுழைவுத் தேர்வு வைத்தது. நகரங்களில் பயிற்சி வகுப்புகள் பெருகின. அனந்தகிருஷ்ணன் குழுவின் பரிந்துரைக்குப் பின் 2006இல் இயற்றிய சட்டத்தால் அது ஒழிந்தது. அடுத்த பத்தாண்டு பிளஸ் டூ மதிப்பெண்ணே அளவு. அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று சொல்ல மாட்டேன். மனப்பாட விடுதிப் பள்ளிகள் அப்போதுதான் கொழுத்தன. அரசுப் பள்ளியிலிருந்து மருத்துவம் போனவர்கள் அப்போதும் சிலரே.

நீட்டை 2013இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்த வழக்குக்கு, நம் பக்கத்து வேலூரின் சிஎம்சி பெயர்தான். 2016இல் நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைத் திரும்பப் பெற்றது. 2017இல் தேர்வு தமிழகத்துக்கு வந்தது.

இரண்டாவது வழக்கு அனிதாவுடையது. அரியலூர் மாவட்டம் குழுமூர், கூலித் தொழிலாளியின் மகள், தலித் மாணவி. பிளஸ் டூவில் 1200க்கு 1176. அவரும் உச்ச நீதிமன்றம் வரை போனார். தோற்றார். 2017 செப்டம்பர் 1 அன்று அவரை இழந்தோம். விண்ணப்பிக்காத ஒருவர் வென்றதற்கும், 1176 வாங்கிய ஒருவர் தோற்றதற்கும் இடையே 66 ஆண்டுகள்.

"இட ஒதுக்கீடு அப்படியேதானே இருக்கிறது, பட்டியல் சாதிக்கான 18 விழுக்காடு குறையவில்லையே" என்று கேட்கிறார்கள். உண்மைதான். எண் குறையவில்லை, அந்த எண்ணுக்குள் வருகிறவர் மாறிவிட்டார். ஏ.கே. ராஜன் குழு 2021இல் தந்த அறிக்கையைப் பாருங்கள். நீட்டுக்கு முன் மருத்துவம் சேர்ந்தவர்களில் ஏறத்தாழ 15 விழுக்காட்டினர் தமிழ்வழி மாணவர்கள். 2020-21இல் அது 2 விழுக்காடு. ஓராண்டோ அதற்கு மேலோ காத்திருந்து மறுபடி எழுதிச் சேர்ந்தவர்கள் 100க்கு 12 பேராக இருந்தது, 71 பேராக ஆனது.

அந்த ஓராண்டு என்ன விலை என்று ஆரணிக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. முன்பணம் வாங்கிய வீட்டில், பாவு ஏறிய தறி நிற்கக் கூடாது. பிள்ளையும் கைகொடுத்தால்தான் சேலை நேரத்துக்கு அறுபடும். வயல்கூலிக்குப் போகும் சேரி வீட்டிலும் இதே கணக்குதான். பயிற்சிக் கட்டணம் பாதி விலை. சம்பாதிக்கும் வயதுப் பிள்ளையை ஓராண்டு சும்மா உட்கார வைப்பது மீதி விலை.

செவிலியர் படிப்பையும் கவனியுங்கள். வேலூரில் 1909இலேயே செவிலியர் பள்ளி வந்தது. சேரியிலிருந்து வெள்ளைச் சீருடைக்குப் போன பெண்களால் தலைநிமிர்ந்த குடும்பங்கள் வட ஆற்காட்டில் உண்டு. தமிழகத்தில் பி.எஸ்சி. நர்சிங் இன்னும் பிளஸ் டூ மதிப்பெண்ணில்தான். ஆனால் புதுச்சேரி ஜிப்மர் நர்சிங்குக்கும் நீட் மதிப்பெண் கேட்கிறது. நம் பெண்களுக்கு மிச்சமிருக்கும் வாசல் அது. மூடிய பிறகு போராடுவதைவிட, திறந்திருக்கும்போதே காக்க வேண்டும்.

2020இல் வந்த 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு அரசுப் பள்ளிப் பிள்ளைகள் சிலரை உள்ளே கொண்டுவந்திருக்கிறது; அதை வரவேற்போம். விலக்கு மசோதாவுக்கு ஒப்புதல் கிடைக்கவில்லை. அதை மாநில உரிமை என்று மட்டும் பேசினால் நம் கேள்வி பாதியில் நின்றுவிடும். ஆதி திராவிடர் நலப் பள்ளிகளில் உயிரியலுக்கும் இயற்பியலுக்கும் ஆசிரியர் இருக்கிறாரா, ஆய்வகம் திறந்திருக்கிறதா? நீட் போனாலும் இந்தக் கேள்வி போகாது. செண்பகம் வழக்கில் தோற்றபோது நம் முன்னோர் சட்டத்தையே திருத்த வைத்தார்கள். அனிதா வழக்கில் தோற்ற நாம் இன்னும் எதையும் திருத்த வைக்கவில்லை. அந்தக் கடன் நம்மிடம் இருக்கிறது. ஜெய்பீம்.