ஆன்டெனாவில் மாட்டிய கிளிப்

போன வாரம் நைட் ட்யூட்டி. கேஷுவாலிட்டிக்கு ஒரு தம்பி வந்தார். வலது கை ஆள்காட்டி விரல், நடுவிரல் ரெண்டுலயும் வரிசையா வெட்டு.

"மிக்ஸியா தம்பி?"

"இல்ல சார், ஏரோப்ளேன்."

ரிமோட்டில் பறக்கும் மாடல் விமானம். மேஜை மேல வச்சு பேட்டரியை சொருகியிருக்கிறார். ப்ரொப்பெல்லர் மாட்டியபடியே இருக்கு. பக்கத்தில் ஆன் ஆகியிருந்த ரிமோட்டின் த்ராட்டில் குச்சியில் சட்டைக்கை பட்டது. அவ்வளவுதான். நல்லவேளை, தசைநாண் தப்பியது. தையல், டிடி ஊசியோடு முடிஞ்சது.

அன்றிலிருந்து இந்த விளையாட்டின் வரலாற்றைத் தேடிப் படிச்சுட்டு இருக்கேன். இதில் இருப்பவர்கள் விமானத்தைத் தூக்கும் முன் செய்யும் சின்னச் சின்ன சடங்குகளைப் பார்த்தா நமக்குச் சிரிப்பு வரும். ஆனா ஒவ்வொன்றும் ஏதோ ஒரு குறிப்பிட்ட கோளாறைத் தடுக்க வந்தது.

1930-களின் பிற்பகுதி. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் கலமசூ என்ற ஊர். வால்டர் குட், வில்லியம் குட் என்ற இரட்டைச் சகோதரர்கள் 'கஃப்' என்ற மாடல் விமானத்தை ரேடியோவால் ஓட்டினார்கள். அந்த விமானம் இன்று ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அப்போ வானத்தில் கூட்டமே இல்லை. யாரோட சிக்னல் யாரோட மோதப்போகுது?

பிறகு 27 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை வந்தது. பிரவுன், சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், பச்சை, நீலம் என ஒவ்வொரு சேனலுக்கும் ஒரு நிறம். உங்க சேனல் எதுவோ அந்த நிற ரிப்பனை ஆன்டெனாவில் கட்டணும். ஏன்? பக்கத்தில் இன்னொருத்தர் அதே சேனலில் ரிமோட்டை ஆன் செஞ்சா, மேலே பறக்கிற உங்க விமானம் யார் பேச்சைக் கேட்பதுன்னு தெரியாம கீழே விழும்.

1970-களில் நிலைமை மோசம். 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு அமெரிக்க லாரி டிரைவர்கள், போலீஸ் எங்கே நிற்குதுன்னு சொல்லிக்கொள்ள 'சிபி' ரேடியோ வாங்கிக் குவித்தார்கள். அதுவும் 27 மெகாஹெர்ட்ஸ்தான். மாடல்காரர்களின் நீல ரிப்பன் சேனலும் சிபி-யின் 23-ஆம் சேனலும் ஒண்ணே! ரோட்டில் போற லாரிக்காரர் பேசினா மைதானத்தில் ஒருத்தரின் பல மாத உழைப்பு நொறுங்கும்.

அதனால் அங்கே 72 மெகாஹெர்ட்ஸுக்கும், பிரிட்டனில் 35-க்கும் நகர்ந்தார்கள். மைதானத்து வாசலில் ஒரு பலகை, அதில் சேனல் எண் எழுதிய கிளிப்புகள். நம்ம ஊர்ல துணி காயப்போடும்போது மாட்டுவோமே, அந்த மாதிரி கிளிப். உங்க எண் கிளிப் கையில் இல்லாம ரிமோட்டை ஆன் செய்யவே கூடாது. முதலில் ரிமோட், பிறகு விமானம். அணைக்கும்போது முதலில் விமானம், பிறகு ரிமோட். இந்த வரிசை மாறினா, ரிசீவர் கண்ட சிக்னலையும் பிடித்து மோட்டாரைத் திடீர்னு சுத்த விடலாம்.

மனிதர்களுக்கு மேலே பறக்கவிடக் கூடாது என்பது இன்னொரு விதி. 1979 டிசம்பர் 9, நியூயார்க் ஷே ஸ்டேடியம். கால்பந்துப் போட்டி இடைவேளையில் மாடல் விமான வேடிக்கை. புல்வெட்டும் இயந்திர வடிவில் செய்த ஒரு விமானம் பார்வையாளர்கள் மேல் விழுந்தது. அடிபட்ட ஓர் இளைஞர் பின்னர் இறந்தார். மேட்ச் பார்க்க வந்தவர்!

2000-களின் நடுவில் 2.4 கிகாஹெர்ட்ஸ் ரிமோட் வந்தது. ஒவ்வொரு ரிசீவரும் தன்னோட ரிமோட்டின் குறியீட்டை மட்டுமே கேட்கும். கிளிப் பலகைக்கு வேலை போச்சு. பிரச்சினை தீர்ந்ததா? இல்லை. இடம் மாறியது.

ஒரே ரிமோட்டில் பத்து விமானங்களின் செட்டிங்கை சேமிக்கலாம். தவறான பெயரைத் தேர்ந்தெடுத்துப் பறக்கவிட்டா, வலப்பக்கம் திருப்பினா விமானம் இடப்பக்கம் சாயும். அதனாலதான் தரையிலேயே, விமானத்துக்குப் பின்னால் நின்று பார்க்கணும்: குச்சியை வலது பக்கம் தள்ளினா வலது இறக்கையின் எய்லரான் மேலே எழணும். அது அசையுதா என்று மட்டும் பார்த்தா போதாது, எந்தத் திசையில் அசையுதுன்னும் பார்க்கணும்.

சின்ன விஷயம்னு நினைக்காதீங்க. 2018 நவம்பரில் போர்ச்சுகலில் ஏர் அஸ்தானாவின் எம்ப்ரேயர் விமானம் பராமரிப்பு முடிஞ்சு கிளம்பியது. எய்லரான் கேபிள்கள் தலைகீழாக இணைக்கப்பட்டிருந்தன. கிளம்பும் முன் யார் கண்ணிலும் படவில்லை. விமானிகள் வானத்தில் வெகுநேரம் போராடித்தான் தரையிறக்கினார்கள். எங்க ஆபரேஷன் தியேட்டரிலும் கத்தி வைக்கும் முன் "வலதா, இடதா" என்று எல்லார் முன்னாடியும் சத்தமா கேட்போம். புதுசா வர்ற ஹவுஸ் சர்ஜன்கள் முதல் நாள் சிரிப்பாங்க.

இன்னொரு மாற்றம், எஞ்சின். பழைய எரிபொருள் எஞ்சினை கிளப்பவே மெனக்கெடணும். விரலால் தட்டாம ஒரு மரக்குச்சியால் ப்ரொப்பெல்லரைத் தட்டுவார்கள். அதுக்குப் பேரே 'சிக்கன் ஸ்டிக்', அதாவது பயந்தாங்கொள்ளிக் குச்சி! ஓடினா ஊருக்கே கேட்கும். மின்மோட்டார் அப்படி இல்லை. பேட்டரி சொருகிய நொடியிலிருந்து சத்தமில்லாம தயாரா நிற்கும். பெஞ்சில் வேலை செய்யும்போது ப்ரொப்பெல்லரைக் கழற்றி வைக்கும் பழக்கம் அதனால்தான்.

தம்பி நாளைக்குத் தையல் பிரிக்க வரார். விமானத்தையும் எடுத்துட்டு வரச் சொல்லியிருக்கேன். ப்ரொப்பெல்லர் தனியா ஒரு பையில்.