விதைப்பு நாளின் நீர்: ராபி சோளமும் பயிர் மாதிரிகளின் காலநிலைக் கணிப்பும்

காலநிலை மாற்றத்தால் இந்தியாவின் ராபி (பருவமழைக்குப் பிந்திய) சோள விளைச்சல் 2020 வாக்கில் 7 விழுக்காடு வரையிலும், 2050இல் 11 விழுக்காடு வரையிலும், 2080இல் 32 விழுக்காடு வரையிலும் குறையக்கூடும் என்று 2010இல் வெளியான ஓர் ஆய்வு கணித்தது. இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தில் உருவான இன்ஃபோகிராப் என்ற பயிர் வளர்ச்சிக் கணினி மாதிரியே அதற்கு அடிப்படை. இரகத்தையும் விதைப்பு நாளையும் மாற்றினால் இழப்பில் ஒரு பகுதியைத் தவிர்க்கலாம் என்பதையும் அதே ஆய்வு காட்டியது. ஆனால் இத்தகைய ஆய்வுகளை மேற்கோள் காட்டுவோர் பெரும்பாலும் விழுக்காட்டை எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுகிறார்கள். மானாவாரித் தானியங்களைப் பொறுத்தவரை, விதைக்கும் நாளில் மண்ணுக்குள் எவ்வளவு நீர் இருந்ததென்று சொல்லாத விழுக்காடு எதையும் காலநிலையின் விளைவாகக் கொள்ள முடியாது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

மகாராஷ்டிரத்தின் சோலாப்பூர், கர்நாடகத்தின் விஜயபுரா வட்டாரங்களின் கரிசல் நிலத்தை எடுத்துக்கொள்வோம். தென்மேற்குப் பருவமழை ஓயும் செப்டம்பர், அக்டோபரில் இங்கே சோளம் விதைக்கிறார்கள். அதன் பிறகு மழை அபூர்வம். மண்ணில் ஏற்கெனவே தேங்கிய ஈரத்தைக் குடித்தே பயிர் தைமாத வாக்கில் கதிர் முற்றுகிறது. மால்தண்டி என்ற நாட்டுச் சோளத்திலிருந்து 1930களில் சோலாப்பூர்ப் பகுதியின் மோகோலில் தெரிவு செய்யப்பட்ட எம் 35-1 இரகம் இன்றும் இங்கே பயிராகிறது. புதிய வீரிய ஒட்டு இரகங்களால் அதை முழுதாக அகற்ற முடியவில்லை என்பதிலிருந்தே இந்த நிலத்தின் தேவை வேறு என்று தெரிகிறது.

இந்தப் பயிரை மாதிரி எப்படிக் கணக்கிடுகிறது? வெப்ப அலகுகளைக் கூட்டித்தான் அது பயிரின் வயதை அளக்கிறது. அடிப்படை வெப்பம் 8 டிகிரி, பருவச் சராசரி 24 டிகிரி என்றால் நாளொன்றுக்கு 16 அலகு சேரும். 1,920 அலகில் முற்றும் பயிருக்கு 120 நாள் ஆகும். வெப்பம் 2 டிகிரி கூடினால் நாளுக்கு 18 அலகு. பயிர் 107 நாளிலேயே முடிந்துவிடும். பதின்மூன்று நாள் வெயிலை இலைகள் இழக்கின்றன, விளைச்சல் சரிகிறது. காலநிலைக் கணிப்புகளில் வரும் இழப்பில் கணிசமான பங்கு இந்த எளிய கூட்டல் கணக்கிலிருந்து வருவதே.

இதற்கு நேரெதிரான இன்னொரு கணக்கும் மாதிரிக்குள் ஓடுகிறது. காற்று 30 டிகிரியில் தாங்கக்கூடிய நீராவியின் அழுத்தம் 4.24 கிலோபாஸ்கல், 32 டிகிரியில் 4.76. ஈரப்பத விழுக்காடு மாறாதிருந்தால் காற்றின் வறட்சி சுமார் 12 விழுக்காடு கூடுகிறது. அதே அளவு தட்டையும் தானியமும் உருவாக்கப் பயிர் அந்த அளவுக்குக் கூடுதல் நீரை இலைவழி இழக்க வேண்டும். நாள் குறைவதால் நீர்ச்செலவு குறைகிறது. காற்று காய்வதால் அது கூடுகிறது. இரண்டில் எது வெல்லும் என்பதை வெப்பமானியால் சொல்ல முடியாது. மண்ணில் இருக்கும் நீர்தான் தீர்மானிக்கும்.

கரிசலின் 10 செ.மீ. ஆழத்தில் பயிர் உறிஞ்சக்கூடிய நீர் 13 மி.மீ. என்று கொள்வோம். மண் முழுதும் நனைந்திருந்தால் 45 செ.மீ. ஆழ நிலத்தில் சுமார் 60 மி.மீ. இருக்கும், 150 செ.மீ. நிலத்தில் 195 மி.மீ. ஆழமற்ற நிலத்தில் பூக்கும் முன்பே ஈரம் தீரும். அங்கே பயிர் முந்தி முற்றுவது ஆதாயமாகவும் முடியலாம். ஆழமான நிலத்திலோ நீர் மீதமிருக்க நாள் குறைகிறது. அங்கே அது நட்டம்தான். ஒரே கிராமத்தில் ஆழமற்ற மேட்டு நிலமும் ஆழமான பள்ள நிலமும் இப்படி எதிரெதிராக நடந்துகொள்ளக்கூடும். மாவட்டத்துக்கு ஒரு சராசரி மண்ணை வைத்து மாதிரியை ஓட்டினால் இரண்டு நிலங்களுமே கணக்கிலிருந்து மறைந்துபோகின்றன. நீருக்கும் விளைச்சலுக்கும் உள்ள உறவு நேர்கோடாக இல்லாததால், சராசரி மண்ணின் விளைச்சல் விளைச்சல்களின் சராசரியாகவும் அமையாது.

சில மில்லிமீட்டர் பிசகினால் என்ன ஆகிவிடும் என்று கேட்கலாம். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் கோதுமை வயலில் கிர்க்கிகார்டும் உடன் ஆய்வாளர்களும் 2007இல் வெளியிட்ட அளவீடு இதற்கு விடை. பூத்தபின் அடிமண்ணிலிருந்து கூடுதலாகக் கிடைத்த 10.5 மி.மீ. நீர் ஹெக்டேருக்கு 620 கிலோ கூடுதல் தானியம் தந்தது. பயிர் கோதுமை, நாடும் வேறு. ஆனாலும் கதிர் பால்பிடிக்கும் நேரத்து நீரின் மதிப்பு எத்தகையது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. மண்ணாழத்தை ஒரு சாண் தவறாகக் கொடுத்தாலே இதைவிடப் பெரிய பிழை நேரும்.

விதைப்பு விதி அடுத்த சிக்கல். சில நாட்களில் இவ்வளவு மழை பெய்து மேல்மண் நனைந்தால் விதை என்பதே பல மாதிரி ஆய்வுகளின் ஏற்பாடு. ஆனால் தமிழ்நாட்டின் கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் விவசாயிகள் வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே, புரட்டாசிப் புழுதியில் விதைத்துவிடுவது வழக்கம். அங்குள்ள வேளாண் ஆராய்ச்சி நிலையமும் இந்த முன்பருவ விதைப்பைப் பரிந்துரைக்கிறது. காரணம் எளிது: மழை விழுந்த கரிசலில் கால் வைக்க முடியாது, ஏரோ கொழுவோ இறங்காது. மழைக்காகக் காத்திருக்கும் மாதிரி, இந்த விவசாயியைவிடப் பிந்தி விதைக்கிறது. பயிர் கடைசிக்கால வறட்சிக்குள் தள்ளப்படுகிறது. அந்த இழப்பைக் காலநிலையின் கணக்கில் எழுதுவது நியாயமில்லை. மறுபுறம், முதல் தூறலில் முளைத்துக் கருகும் விதையின் நட்டத்தை இப்படிப்பட்ட விதி காண்பதே இல்லை. பயிர் மாதிரிக்கு மழைக் கணக்கைத் தரும் காலநிலை மாதிரிகள் மழையைச் சிறுசிறு தூறலாகப் பல நாட்களுக்குப் பரப்பிவிடும் குறையுடையவை என்பதால் இந்தச் சிக்கல் இன்னும் கூர்மையாகிறது.

பல மாதிரிகளைச் சேர்த்து ஓட்டினால் பிழைகள் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும் என்று ஒரு மறுப்பு உண்டு. 2013இல் 27 கோதுமை மாதிரிகளையும், 2014இல் 23 மக்காச்சோள மாதிரிகளையும் ஒப்பிட்ட பணிகள் அரியவை. மாதிரிகளின் உட்கட்டமைப்பில் உள்ள பிழைகளுக்கு இப்படிச் சேர்த்து ஓட்டுவது நல்ல மருந்து. ஆனால் எல்லா மாதிரிகளுக்கும் ஒரே தவறான மண்ணாழத்தைக் கொடுத்தால் 27 விடைகளும் ஒரே பக்கம் சாயும். உலகளாவிய ஒப்பீடுகள் கோதுமை, நெல், மக்காச்சோளம், சோயா ஆகிய நான்கையே மையமாகக் கொண்டவை. சோளமும் கம்பும் அந்த அளவு கவனத்தைப் பெறவில்லை.

தட்டையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ராபி சோளம் விளைவிப்பவருக்கு மாட்டுத்தீவனம் உபபொருள் அன்று. தானியத்தோடு சேர்த்தே அவர் வரவைப் பார்க்கிறார். தானிய இழப்பை மட்டும் அச்சிடும் ஆய்வு அவருடைய இழப்பைப் பாதிதான் அளந்திருக்கிறது.

செய்ய வேண்டியதற்குப் பெருஞ்செலவு தேவையில்லை. விதைப்பு வாரத்தில் மண் துளைப்பானால் 15 செ.மீ.க்கு ஒரு மண் மாதிரி எடுத்து, எடைபோட்டு, 105 டிகிரி அடுப்பில் ஒரு நாள் உலர்த்தி, மீண்டும் எடைபோடும் பழைய முறையே போதும். மேடு, நடு, பள்ளம் என்று ஊருக்கு மூன்று நிலங்களில் ஆண்டுதோறும் இதைச் செய்து பதிவேட்டில் ஏற்றலாம். காலநிலைக் கணிப்பை வெளியிடும் இதழ்களும், மண்ணாழம் வாரியாக, தொடக்க நீரின் அளவோடு, தானியத்தையும் தட்டையையும் தனித்தனியே, நல்ல ஆண்டும் கெட்ட ஆண்டும் தெரியும்படி முடிவுகளைத் தராத கட்டுரைகளைத் திருத்தத்துக்குத் திருப்பி அனுப்ப வேண்டும்.