பச்சோந்திக்கு எட்டாத வைத்தியம்

நோயுற்ற பச்சோந்தியைச் சென்னையின் மேற்குப் புறநகரான அம்பத்தூரிலிருந்தோ ஆவடியிலிருந்தோ வேப்பேரி கால்நடை மருத்துவமனை வரை கொண்டுபோவது அதன் நோயையே கூட்டிவிடும். வெப்பம், குலுக்கல், அந்நியக் கை ஆகிய மூன்றும் அதற்குத் தாங்காத சுமை. இந்த அவதிக்கு உரிமையாளரின் அறியாமை மட்டும் காரணமல்ல. கால்நடை மருத்துவத்தின் வரலாறே முதன்மைக் காரணம். 1903இல் சைதாப்பேட்டையில் தொடங்கிப் பின்னர் வேப்பேரியில் நிலைத்த சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி, உழவு மாட்டையும் குதிரையையும் காக்கவே பிறந்தது. பொருளாதாரப் பயனுள்ள விலங்குக்கே அன்று வைத்தியம் இருந்தது. 1960களில் தொழிற்பேட்டையும் டாங்கித் தொழிற்சாலையும் வளர்த்த மேற்குப் புறநகரில் மாடுகள் குறைந்தன, வளர்ப்பு நாய்கள் பெருகின; மருத்துவமும் அவற்றின் பின்னே சென்றது. ஊர்வன இன்றும் ஓரத்திலேயே நிற்கின்றன.

நம் நாட்டுப் பச்சோந்தி 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காவலில் உள்ளது. அதை வீட்டில் வளர்ப்பதே குற்றம், பிறகு வைத்தியம் எதற்கு என்று கேட்கலாம். சட்டத்தை மதிக்கும் நியாயமான கேள்விதான். ஆனால் சாலையில் அடிபட்டு மீட்கப்படும் பச்சோந்திக்கும் மருத்துவர் வேண்டும். ஏமன் நாட்டுப் பச்சோந்தி போன்ற அயல் இனங்களை வைத்திருப்போர் அவற்றை அரசிடம் பதிவு செய்ய வேண்டும் என்று அதே சட்டத்தின் கீழான 2024 விதிகள் சொல்கின்றன. பதிவு கேட்கும் அரசு, சிகிச்சைக்கும் வழிசெய்வதே முறை. கண் குழிந்தால் நீரிழப்பு, கால் வளைந்தால் சுண்ணாம்புச் சத்துக் குறைவு என்று ஐயப்படும் பயிற்சி புறநகர் அரசு மருத்துவமனைகளுக்கும் வர வேண்டும்.