கல்லச்சு

‘லித்தோஸ்’ என்றால் கிரேக்கத்தில் கல். ‘கிராஃபைன்’ என்றால் எழுதுதல். லித்தோகிராஃபிக்குத் தமிழில் கல்லச்சு என்றோம். ‘கல்’ சரி, ‘அச்சு’ கொஞ்சம் ஏமாற்றும். கல்வெட்டுப் போலக் கல்லைச் செதுக்குவதாகத் தோன்றிவிடுகிறது. செதுக்கலே கிடையாது. வழவழப்பான சுண்ணாம்புக்கல்லில் கொழுப்புக் கலந்த கட்டியால் படம் வரைவார்கள். கருவேலம்பிசினும் அமிலமும் கலந்து பூசி, பிறகு ஈரத்துணியால் துடைத்தால், வெற்றிடம் நீரைப் பிடித்துக்கொள்ளும், கோடு தள்ளிவிடும். உருளையால் மை தடவும்போது கோட்டில் மட்டுமே மை ஏறும். எண்ணெய்க்கும் தண்ணீருக்கும் உள்ள பகைதான் மொத்தத் தொழிலும். 1790களில் ஜெர்மனியில் இதைக் கண்டறிந்த செனஃபெல்டர் ‘வேதியியல் அச்சு’ என்றே சொன்னார். அந்தப் பெயரே பொருத்தம் என்பேன். நம் ஊரில் சிவகாசிக்காரர்கள் இந்த வம்பே இல்லாமல் ‘லித்தோ’ என்று முடித்துக்கொண்டார்கள்.

ஃபோட்டோகிராஃபி ஒளியெழுத்து, லித்தோகிராஃபி கல்லெழுத்து. இரண்டிலும் கைவைத்த கலைஞர் மேன் ரே (1890–1976). 1924இல் கிகி என்ற மாடலின் வெற்று முதுகைப் படமெடுத்து, அச்சிட்ட படத்தின்மேல் வயலினின் இரு துளைகளை வரைந்தார், பெண்ணுடல் வாத்தியமாயிற்று. தலைப்பு ‘ஆங்கரின் வயலின்’. ஓவியர் ஆங்கர் பொழுதுபோக்காக வயலின் வாசித்ததால் பிரெஞ்சில் அந்தத் தொடருக்கே பொழுதுபோக்கு என்று பொருள். கேமராவால் பேர்வாங்கிய மேன் ரே, முதுமையில் கல்லச்சுப் படங்களும் நிறையப் போட்டார்.