ஆய்வேடும் அமைச்சர் பதவியும்: ஜெர்மனியில் எழுத்துத் திருட்டு விசாரணைகளின் வரலாறு

பிறர் எழுதிய வரிகளையோ வாதத்தையோ எடுத்துக்கொண்டு, எடுத்த இடத்தைச் சுட்டாமல் தம்முடையதாகக் காட்டுவது எழுத்துத் திருட்டு எனப்படும். ஆட்சியில் இருப்போர் மீது இக்குற்றச்சாட்டு எழும்போது, ஒரு சாரார் அதை அரசியல் பகையென்று தள்ளிவிடுவதும் மற்றொரு சாரார் ஆராயாமலே உண்மையென்று நம்பிவிடுவதும் எந்த நாட்டிலும் காணக்கூடியவை. குற்றச்சாட்டை எவரும் தாமே சரிபார்க்கத்தக்க சான்றாக முன்வைக்கும் ஒரு முறை ஜெர்மனியில் 2011ஆம் ஆண்டிலிருந்து உருவாகி வளர்ந்தது. அம்முறை சாதித்ததையும் அது சந்தித்த சோதனைகளையும் அறிவது, பொதுவாழ்வினரின் நேர்மையை ஆராய்ந்து எழுத விழையும் எவருக்கும் இன்றியமையாதது.

ஜெர்மனியில் முனைவர் பட்டத்துக்கு இருக்கும் மதிப்பு பல்கலைக்கழக எல்லையோடு நிற்பதில்லை. கடவுச்சீட்டிலும் அடையாள அட்டையிலும் அப்பட்டத்தைப் பதிந்துகொள்ளலாம்; ஆண்டுதோறும் 25,000 பேருக்கு மேல் அதைப் பெறும் அந்நாட்டில், கல்விப் பணிக்கு வரும் எண்ணமே இல்லாத அரசியலாளரும் வழக்கறிஞரும் வணிக நிர்வாகியும்கூட அதை நாடுகின்றனர். மதிப்பு மிகுந்த இடத்தில் முறைகேடும் நுழைவது புதிதன்று. நேரில் வராமலும் வாய்மொழித் தேர்வு நடத்தாமலும் கட்டணம் செலுத்தியவருக்குப் பட்டம் வழங்கிய சில பல்கலைக்கழகங்களை, ரோம வரலாற்று அறிஞர் தியோடோர் மொம்சன் 1876ஆம் ஆண்டிலேயே கடுமையாகக் கண்டித்து எழுதினார். பின்னாளைய விசாரணைகளுக்கு வழிவிட்ட மற்றொரு மரபும் அங்கே உண்டு. ஏற்கப்பட்ட ஆய்வேட்டை, அதாவது பட்டத்துக்காக அளிக்கப்படும் நீண்ட ஆய்வுரையை, வெளியிட்டு நூலகங்களில் சேர்த்தாக வேண்டும் என்பதே அது. இதனால் ஓர் அமைச்சரின் ஆய்வேட்டை எந்தக் குடிமகனும் நூலகத்தில் எடுத்துப் படித்துப் பார்க்க முடிந்தது.

அவ்வாறு படித்தவர்களுள் ஒருவர் பிரேமன் பல்கலைக்கழகச் சட்டப் பேராசிரியர் ஆந்திரேயாஸ் பிஷர்-லெஸ்கானோ. அப்போதைய பாதுகாப்பு அமைச்சர் கார்ல்-தியோடோர் ட்சு குட்டன்பெர்க், அரசமைப்பு வளர்ச்சி குறித்துப் பைரொய்ட் பல்கலைக்கழகத்தில் அளித்து மிக உயர்ந்த தகுதிநிலையில் தேர்ச்சி பெற்ற ஆய்வேடு 2009இல் நூலாகியிருந்தது. 2011 பிப்ரவரியில் அந்நூலுக்கு மதிப்புரை எழுத முற்பட்ட பிஷர்-லெஸ்கானோ, அதில் மேற்கோள் குறியின்றிப் பிறருடைய பத்திகள் சொல்லுக்குச் சொல் இடம்பெற்றிருப்பதைக் கண்டார். பிப்ரவரி 16 அன்று ‘சூட்டொய்ச்ச ட்சைட்டுங்’ நாளிதழ் இதை வெளியிட்டது. அமைச்சரோ குற்றச்சாட்டு அபத்தமானது என்று மறுத்தார். முன்னுரையின் தொடக்க வரிகளே, அரசியல் அறிவியலாளர் பார்பரா ட்சேன்பெனிக் 1997இல் நாளிதழ் ஒன்றில் எழுதிய கட்டுரையிலிருந்து எடுக்கப்பட்டவை என்பது அடுத்து வெளிப்பட்டது. நாடாளுமன்ற உறுப்பினர்களின் பணிக்கு உதவுவதற்காக இயங்கும் ஆய்வுப் பிரிவினர் எழுதிக் கொடுத்த அறிக்கைகளும் ஆய்வேட்டுக்குள் புகுந்திருந்தன.

செய்தி வெளியான மறுநாளே, முகம் காட்டாத பலர் இணையத்தில் கூடி ‘குட்டன்பிளாக்’ என்னும் பெயரில் கூட்டு ஆய்வைத் தொடங்கினர். ஆய்வேட்டின் ஒவ்வொரு பக்கத்தையும் தனித்தனியே எடுத்துக்கொண்டு, அதன் வரிகளை ஒரு பக்கத்திலும் மூலத்தின் வரிகளை எதிர்ப்பக்கத்திலும் வைத்து, மூலத்தின் பெயரையும் பக்க எண்ணையும் குறித்து அவர்கள் வெளியிட்டனர். இறுதிக் கணக்கில் 393 பக்கங்களுள் 371 பக்கங்களில், 135 மூலங்களிலிருந்து எடுக்கப்பட்ட 1,218 பகுதிகள் அடையாளம் காணப்பட்டன. இந்த எண்களுக்கு வலிமை தந்தது அவற்றின் பெருக்கம் மட்டுமன்று. ஐயுற்றவர் எவரும் இரு நூல்களையும் அருகருகே வைத்துத் தாமே ஒப்பிடலாம் என்ற நிலையே அவற்றை மறுக்க இயலாதவையாக்கியது. சான்று இவ்வாறு திறந்து வைக்கப்பட்ட பின், குற்றம் சாட்டியவர் யார், எக்கட்சியைச் சார்ந்தவர் என்னும் வினாக்கள் பொருளிழந்தன.

அமைச்சராகத்தான் குட்டன்பெர்கைத் தாம் அமர்த்தியதாகவும் ஆய்வு உதவியாளராக அன்று எனவும் பிரதமர் அங்கேலா மெர்க்கெல் கூறியது, உண்மையாக உழைத்து ஆய்வு செய்துவந்த இளம் ஆய்வாளர்களை ஆழமாகப் புண்படுத்தியது. அவர்கள் எழுதிய திறந்த மடலில் 20,000க்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டனர். பிப்ரவரி 23 அன்று பைரொய்ட் பல்கலைக்கழகம் பட்டத்தைத் திரும்பப் பெற்றது. மார்ச் 1 அன்று குட்டன்பெர்க் பதவி விலகினார். அவர் வேண்டுமென்றே ஏமாற்றினார் என்று பல்கலைக்கழக விசாரணைக் குழு மே மாதத்தில் முடிவு கூறியது. பதிப்புரிமை மீறல் குறித்த குற்ற விசாரணை, அவர் அறப்பணிக்கு 20,000 யூரோ செலுத்தியதன் பேரில் அவ்வாண்டின் இறுதியில் கைவிடப்பட்டது.

இவ்வனுபவத்திலிருந்து பிறந்த ‘ஃப்ரோனிபிளாக்’ என்னும் மற்றொரு கூட்டு முயற்சி, ஒப்பிடும் முறையை மேலும் நுட்பமாக்கியது. சொல் மாறாமல் எடுத்தல், சொற்களைச் சற்றே மாற்றி மூலத்தை மறைத்தல், சிறு பகுதிக்கு மட்டும் அடிக்குறிப்பு தந்துவிட்டு அதே மூலத்தின் பெரும்பகுதியைச் சுட்டாமல் கையாளுதல் எனத் திருட்டின் வகைகள் பிரித்துக் காட்டப்பட்டன. இவற்றுள் இறுதி வகைக்கு, சதுரங்கத்தில் பெரிய காயைக் காக்கச் சிப்பாயைப் பலி கொடுப்பதை வைத்து ஜெர்மானியர் பெயரிட்டுள்ளனர். ஒருவர் கண்டறிந்த பகுதியை மற்றொருவர் மூலத்தோடு ஒப்பிட்டு உறுதி செய்தல் வேண்டும் என்ற விதியும் கடைப்பிடிக்கப்பட்டது. ஐரோப்பிய நாடாளுமன்றத்தின் துணைத் தலைவர்களுள் ஒருவரான சில்வானா கோஹ்-மெரின், தம் ஆய்வேடு இம்முறையில் ஆராயப்பட்டதன் விளைவாக 2011இல் அப்பொறுப்பையும் பட்டத்தையும் இழந்தார்.

இம்முறைக்கு மிகக் கடினமான சோதனையாக அமைந்தது அன்னெட்டே ஷாவானின் வழக்கு. கல்வி, ஆராய்ச்சித் துறை அமைச்சராக இருந்த அவர், குட்டன்பெர்கின் செயலுக்காகத் தாம் வெளிப்படையாகவே வெட்கப்படுவதாகக் கூறியிருந்தவர். டுசல்டோர்ஃப் பல்கலைக்கழகத்தில் 1980இல் அவர் பெற்ற பட்டத்துக்கான ஆய்வேட்டை ஃப்ரோனிபிளாக் ஆய்வாளர்கள் ஆராய்ந்தபோது, கண்டறிந்தவை பெயரை வெளியிடப் போதுமா என்பதில் அவர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு எழுந்து, பெரும்பான்மையினர் வெளியிட வேண்டாம் என்றனர். அதை ஏற்காத ஒருவர் 2012 மே மாதத்தில் தனியே வெளியிட்டார். பல்கலைக்கழகம் நியமித்த அறிஞரின் மந்தண அறிக்கை, அமைச்சரின் விளக்கம் கேட்கப்படுவதற்கு முன்பே இதழ்களுக்குக் கசிந்தது பெரும் கண்டனத்துக்கு உள்ளாயிற்று. கவனக்குறைவு நேர்ந்திருக்கலாம், ஏமாற்றவில்லை என்பது ஷாவானின் நிலைப்பாடு. 2013 பிப்ரவரி 5 அன்று கல்விப்புலக் குழு 12 வாக்குகளால் பட்டத்தைத் திரும்பப் பெற்றது. நான்கு நாட்களில் அவர் பதவி விலகினார். இளநிலை, முதுநிலைப் பட்டங்கள் இன்றி நேரடியாக முனைவர் பட்டம் பெற்றவராதலால், அதை இழந்ததும் அவரிடம் வேறு பல்கலைக்கழகப் பட்டம் எதுவும் இல்லாமற் போயிற்று. 2014இல் நிர்வாக நீதிமன்றமும் பல்கலைக்கழகத்தின் முடிவை உறுதி செய்தது. முப்பதாண்டு கடந்த பின் ஒருவரைத் தண்டிப்பது தகுமா என்ற வினா அப்போது உரக்க எழுப்பப்பட்டது. எனினும் பட்டம் ஒருவருடைய வாழ்நாள் முழுதும் பயன்தரும்போது, அதைப் பெற்ற முறைக்கான பொறுப்பு மட்டும் காலத்தால் கழிந்துவிடும் என்று வாதிடுவது பொருந்தாது.

குற்றச்சாட்டுகள் அனைத்தும் நிலைநின்றவை அல்ல. மென்பொருள் காட்டிய ஒப்புமைகளைக் கொண்டு 2013இல் அரசியலாளர் ஃபிராங்க்-வால்ட்டர் ஷ்டைன்மையர் மீது எழுப்பப்பட்ட புகாரை ஆராய்ந்த கீசன் பல்கலைக்கழகம், அவர் ஏமாற்றவில்லை என்று தீர்த்தது. பின்னர் அவர் நாட்டின் குடியரசுத் தலைவரானார். அப்போது பாதுகாப்பு அமைச்சராக இருந்த உர்சுலா ஃபான் டேர் லையனின் மருத்துவ ஆய்வேட்டில் குறைகளைக் கண்ட ஹானோவர் மருத்துவப் பல்கலைக்கழகம், ஏமாற்றும் நோக்கம் தெரியவில்லை எனக் கூறி 2016இல் பட்டத்தை நிலைக்க விட்டது. குடும்பநல அமைச்சராக இருந்த பிரான்சிஸ்கா கிஃபியை 2019இல் கண்டித்ததோடு நிறுத்திக்கொண்ட பெர்லின் சுதந்திரப் பல்கலைக்கழகம், அக்கண்டனத்துக்குச் சட்ட அடிப்படை உண்டா என்ற ஐயம் எழுந்தபின் அதை விலக்கிக்கொண்டு மீண்டும் ஆராய்ந்து, அவர் அமைச்சர் பதவியை விட்டு விலகிய அடுத்த மாதமான 2021 ஜூனில் பட்டத்தைத் திரும்பப் பெற்றது. வரிகள் ஒத்திருப்பதை நிறுவுவது வேறு, ஏமாற்றும் நோக்கத்தை நிறுவுவது வேறு என்பதும், முன்னதை எவரும் செய்யலாமாயினும் பின்னதைக் குற்றம் சாட்டப்பட்டவரின் விளக்கத்தைக் கேட்ட பிறகே உரிய அமைப்பு தீர்மானிக்க வேண்டும் என்பதும் இவ்வழக்குகளால் தெளிவாகின்றன.

ஆகவே இத்துறையில் எழுதுவோர் குற்றம் சாட்டப்படுவோரைவிடக் கடுமையான ஒழுங்குக்குத் தம்மை உட்படுத்திக்கொள்ளுதல் வேண்டும். சான்றை வரியோடும் பக்கத்தோடும் முழுமையாகத் தருவதும், வெறும் விழுக்காட்டைத் தீர்ப்பாக ஆக்காமலிருப்பதும், ஆய்வேட்டைச் சரியாகப் படிக்காமல் உயர்ந்த தகுதி வழங்கிய நெறியாளரையும் தேர்வாளரையும் விசாரணைக்கு உட்படுத்துவதும் அவ்வொழுங்கின் கூறுகள். இவையனைத்துக்கும் மேலாக, எடுத்தாளப்பட்ட வரிகளை முதலில் எழுதியவரின் பெயரை எடுத்துரைப்பது ஆய்வாளரின் தலையாய கடமையாகும். அமைச்சர் வீழ்ந்த செய்தி உலகெங்கும் பரவ, உழைத்து எழுதிய இதழாளரும் இளம் ஆய்வாளரும் நாடாளுமன்ற ஊழியரும் பெயரின்றியே மறக்கப்பட்டால், அவர்களுக்கு இழைக்கப்பட்ட தீங்கு திருத்தப்படாமல் எஞ்சி நிற்கும். ஒருவரைப் பதவியிலிருந்து இறக்குவது இவ்விசாரணைகளின் விளைவாக அமையலாம். உழைத்தவருக்கு உரியதை அவர் பெயரில் திரும்பச் சேர்ப்பதே அவற்றின் நோக்கமாக இருத்தல் வேண்டும்.