அடுத்த பத்து வினாடியில் விமானம் எங்கே?

1940 மே மாதம். ஜெர்மன் படைகள் ஹாலந்து, பெல்ஜியம் வழியாகப் பிரான்சுக்குள் பாய்ந்துகொண்டிருந்தன. அமெரிக்கா இன்னும் போரில் இறங்கவில்லை. நியூயார்க்கில் பெல் டெலிஃபோன் ஆய்வுக்கூடத்தில் டேவிட் பார்க்கின்சன் என்ற 29 வயது இன்ஜினீயர், போருக்கு எந்தச் சம்பந்தமும் இல்லாத ஒரு கருவியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். தொலைபேசிக் கம்பியில் வரும் சிக்னலின் ஏற்ற இறக்கத்தைக் காகிதச் சுருளில் பேனா தானாகவே வரைந்துகொண்டு போக வேண்டும். சிக்னல் மாறியதும் பேனா சட்டென்று அந்த இடத்துக்கு ஓடி நிற்க வேண்டும். பேனாவை ஆட்டிவைத்தது ஒரு சின்ன பொட்டென்ஷியோமீட்டர். பழைய ரேடியோவில் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் திருகு இருந்ததே, அதே இனம்.

பகலெல்லாம் இந்த வேலை, மற்ற நேரமெல்லாம் ஐரோப்பாவிலிருந்து வரும் தோல்விச் செய்திகள். ஒரு நாள் இரவு அவருக்குக் கனவு வந்தது. ஹாலந்திலோ பெல்ஜியத்திலோ ஒரு பீரங்கிப் பள்ளத்தில் நிற்கிறார். விமான எதிர்ப்புப் பீரங்கி எப்போதாவது ஒருமுறைதான் சுடுகிறது, ஆனால் சுட்ட ஒவ்வொரு குண்டுக்கும் ஒரு விமானம் விழுகிறது. பீரங்கி வீரர்களில் ஒருவன் சிரித்தபடி அவரை அருகே அழைத்து, பீரங்கியின் இடப்பக்க அச்சைக் காட்டுகிறான். அங்கே மாட்டியிருப்பது பார்க்கின்சனின் அதே பொட்டென்ஷியோமீட்டர்!

விழித்ததும் அவருக்குப் பொறி தட்டியது. பேனாவை நகர்த்தும் மின்சுற்றைப் பெரிதாக்கினால் பீரங்கியையும் நகர்த்தலாம். மேலதிகாரி கிளாரன்ஸ் லவலிடம் போய்ச் சொன்னார். அறிவியல் வரலாற்றில் கண்டுபிடிப்புகள் கனவில் பிறந்ததாகச் சொல்லும் கதைகளைக் கொஞ்சம் தள்ளி வைத்துத்தான் கேட்பேன். இதை நம்புகிறேன், ஏனென்றால் கனவு கொடுத்தது ஒரு படத்தை மட்டும்தான். அந்தப் படத்துக்குள் இருந்த கணக்கைத் தீர்க்க ஒன்றரை ஆண்டு உழைப்பு தேவைப்பட்டது.

என்ன கணக்கு? விமானம் வினாடிக்கு 125 மீட்டர் வேகத்தில் போகிறது. மணிக்கு 450 கிலோமீட்டர். பீரங்கிக் குண்டு அந்த உயரத்தை எட்டப் பத்து வினாடி ஆகும் என்று வைத்துக்கொள்வோம். அதற்குள் விமானம் 1,250 மீட்டர் தாண்டிவிடும். ஆகவே விமானத்தைப் பார்த்துச் சுடுவதில் பயனே இல்லை. அது இன்னும் போய்ச் சேராத ஓர் இடத்தைப் பார்த்துச் சுட வேண்டும்.

சரி, விமானத்தைத் தொடரும் பார்வை வினாடிக்கு எத்தனை டிகிரி திரும்புகிறது என்று, அதாவது கோண வேகத்தை அளந்து, அதைப் பத்தால் பெருக்கிவிடலாமே? இங்கேதான் சிக்கல். ரயில்வே கேட்டில் நிற்பவருக்கு, தூரத்தில் வரும் ரயில் அசையாமல் நிற்பது போலத் தெரியும். அருகே வந்ததும் கழுத்தைத் திருப்ப முடியாத வேகத்தில் கடந்துவிடும். ரயிலின் வேகம் மாறவே இல்லை, பார்ப்பவரின் கோணம்தான் மாறுகிறது. நம் விமானத்துக்கும் இதையே போட்டுப் பாருங்கள். பீரங்கியைப் பக்கவாட்டில் 2 கிலோமீட்டர் தள்ளிக் கடக்கப்போகும் விமானம், அந்த இடத்துக்கு இன்னும் 6 கிலோமீட்டர் இருக்கும்போது, வினாடிக்கு 0.36 டிகிரிதான் திரும்புவதாகத் தெரியும். 48 வினாடி கழித்து நேர் எதிரே வரும்போது அது 3.6 டிகிரி. பத்து மடங்கு! இன்றைய கோண வேகத்தை வைத்து நாளைய கோணத்தைச் சொல்லப் போனவர் தோற்றார்.

இங்கிலாந்தில் கெரிசன் என்ற ராணுவ அதிகாரி வடிவமைத்த கருவி கோண வேகத்தையே நம்பியது. அருகில் சுடும் சிறிய பீரங்கிக்கு அது போதும். குண்டு சீக்கிரம் போய்ச் சேர்ந்துவிடுவதால் பிழை பெருகாது. உயரத்தில் வரும் குண்டுவீச்சு விமானங்களுக்கு வேறு வழி வேண்டும்.

வழி, பார்க்கும் முறையை மாற்றுவது. விமானத்தின் இருப்பிடம் நமக்குக் கிடைப்பது தூரம், திசைக்கோணம், ஏற்றக்கோணம் என்ற மூன்று எண்களாக. அதையே கிழக்கே இவ்வளவு, வடக்கே இவ்வளவு, மேலே இவ்வளவு என்ற மூன்று நீளங்களாக மாற்றிக்கொண்டால், நேராகப் பறக்கும் விமானத்தின் கணக்கு நேராகிவிடும். மூன்று நீளங்களும் சீரான வேகத்தில் மாறும். வேகத்தைக் குண்டு பறக்கும் நேரத்தால் பெருக்கி, இப்போதைய இடத்தோடு கூட்டினால் வருங்கால இடம் வந்துவிடும். பிறகு அந்த இடத்தைத் திரும்பவும் கோணங்களாக்கிப் பீரங்கிக்குச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பீரங்கிக்குத் தெரிந்த மொழி கோணம் மட்டும்தான்.

இந்த யோசனை புதிதல்ல. ஸ்பெர்ரி நிறுவனத்தின் கருவிகள் இதைப் பல்சக்கரங்களாலும், நுணுக்கமாகக் கடைந்த உலோகத் துண்டுகளாலும் ஏற்கெனவே செய்துவந்தன. ஆனால் அந்தத் துண்டுகளைக் கடையக் கைதேர்ந்த தொழிலாளிகள் வேண்டும், மாதக்கணக்கில் நேரம் வேண்டும். போர்க்காலத்தில் இரண்டுமே அரிது.

லவலும் பார்க்கின்சனும் உலோகத்தின் இடத்தில் மின்னழுத்தத்தை வைத்தார்கள். வளைத்து வெட்டிய அட்டை ஒன்றின் மேல் மெல்லிய கம்பியைச் சுற்றினால், அதன் மேல் ஊரும் தொடுமுனை அந்தந்தக் கோணத்தின் சைன் அளவுக்கு மின்னழுத்தம் கொடுக்கும். தூரத்தை மின்னழுத்தமாக அதில் செலுத்தினால், தூரமும் சைனும் பெருக்கப்பட்டு வெளியே வரும். அவ்வளவுதான், கோணம் நீளமாகிவிட்டது. குண்டு எந்த உயரத்துக்கு எத்தனை வினாடியில் போகும் என்ற பீரங்கி அட்டவணையையும் இதே போல அட்டையின் வளைவிலேயே எழுதிவிடலாம்.

கூட்டுவதற்கு வால்வு ஆம்ப்ளிஃபயர்கள். வால்வு சூடானால் ஒரு மாதிரி, தேய்ந்தால் வேறு மாதிரி நடந்துகொள்ளும். அதை நம்பிக் கணக்குப் போட முடியாது. சென்ற இதழில், 1927-ல் ஹட்சன் ஆற்றைக் கடக்கும் படகில் ஹாரால்ட் பிளாக் செய்தித்தாளின் மேல் எழுதிவைத்த பின்னூட்ட யோசனையைப் பார்த்தோம்: வெளிவரும் சிக்னலில் ஒரு பகுதியைத் திருப்பி உள்ளே அனுப்பி, பிழையைத் தானே திருத்திக்கொள்ளச் செய்வது. தொலைபேசிக் குரல் சிதையாமலிருக்கப் பிறந்த அந்த யோசனைதான் இங்கே கூட்டலைப் பிழையில்லாததாக்கியது. பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த கார்ல் ஸ்வார்ட்செல் இந்தக் கூட்டல் சுற்றுக்கு 1941 மே 1 அன்று காப்புரிமை விண்ணப்பம் செய்தார். இன்று மருத்துவக் கருவி முதல் ஒலிபெருக்கி வரை எங்கும் இருக்கும் ஆப்-ஆம்ப் சில்லுக்கு மூதாதை அது.

எனக்கு மிகவும் பிடித்த நுட்பம் இன்னொன்று. வருங்கால இடத்தை அறியக் குண்டு பறக்கும் நேரம் தெரிய வேண்டும். அந்த நேரத்தை அறிய வருங்கால இடம் தெரிய வேண்டும். காகிதத்தில் இதைத் திரும்பத் திரும்பப் போட்டுத்தான் விடையை நெருங்க வேண்டும். கருவியிலோ ஒரு விடையை மற்றொன்றின் வாயிலில் இணைத்துவிட்டார்கள். மின்னழுத்தங்கள் தமக்குள் இழுபறி நடத்தி, இரண்டும் பொருந்தும் இடத்தில் தாமாகவே நின்றுவிடும்.

மாதிரிக் கருவியின் சோதனை 1941 டிசம்பரில் வர்ஜீனியாவின் ஃபோர்ட் மன்ரோவில் நடந்தது. 1942 தொடக்கத்தில் எம்-9 என்ற பெயரில் ராணுவம் அதை ஏற்றுக்கொண்டது. இலக்கைத் தொடரும் கண்ணாக எம்.ஐ.டி.யில் உருவான எஸ்.சி.ஆர்-584 ராடார் வந்து சேர்ந்தது. பத்து சென்டிமீட்டர் அலையைச் சற்றே சாய்த்துச் சுழற்றி, எந்தப் பக்கம் எதிரொலி வலுக்கிறதோ அந்தப் பக்கம் தானே திரும்பிக்கொள்ளும் ராடார் அது. 1944 தொடக்கத்தில் இத்தாலியின் அன்சியோ கடற்கரையில் இரண்டும் சேர்ந்து வேலை செய்தன.

அதே ஆண்டு ஜூன் 13 அன்று ஜெர்மனியின் முதல் வி-1 இங்கிலாந்தில் விழுந்தது. விமானி இல்லாத, 850 கிலோ வெடிமருந்து சுமந்த பறக்கும் குண்டு. மணிக்குச் சுமார் 640 கிலோமீட்டர் வேகம், உயரம் ஆயிரம் மீட்டருக்கும் கீழே. தாழ்வும் வேகமும் சேர்ந்ததால் கோணம் அசுர வேகத்தில் மாறும். கையால் தொலைநோக்கியைத் திருப்பியவர்கள் திணறிப்போனார்கள். ஜூலை நடுவில் தளபதி ஃபிரெடரிக் பைலின் பீரங்கிகளை லண்டனை ஒட்டிய குன்றுகளிலிருந்து தெற்குக் கடற்கரைக்குச் சில நாட்களில் மாற்றினார்கள். அங்கே எம்-9, ராடார் இவற்றோடு மூன்றாவதாக ஒன்றும் சேர்ந்தது: மெர்ல் டூவ் குழு உருவாக்கிய, இலக்கை நெருங்கியதும் ரேடியோ அலையால் உணர்ந்து பீரங்கிக் குண்டைத் தானே வெடிக்கவைக்கும் ஃபியூஸ். வெடிக்காமல் போன குண்டுகள் கடலில் விழும், எதிரி கையில் சிக்காது. கலப்புப் படைப்பிரிவுகளில் ராடாரையும் கணிப்புக் கருவியையும் இயக்கியவர்களில் பெரும் பகுதி பெண்கள். போர் வரலாறுகளில் அவர்களுக்குக் கிடைத்த இடம் மிகவும் குறைவு என்பது என் வருத்தம். ஆகஸ்ட் கடைசியில், பீரங்கி எல்லைக்குள் வந்த வி-1களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு சுட்டு வீழ்த்தப்பட்டது.

இந்த வெற்றிக்கு வி-1 தானும் ஒரு காரணம். எம்-9 கணக்கின் அடித்தளம், இலக்கு நேராக, ஒரே வேகத்தில் போகும் என்பது. பயமோ தந்திரமோ இல்லாத அந்த இயந்திரம் அப்படியேதான் பறந்தது. மனிதர் ஓட்டும் விமானம் அப்படிப் பறக்காது. குண்டு வெடிப்பதைக் கண்டால் விமானி வளைவார், இறங்குவார். அந்த வளைவையும் முன்கூட்டியே கணிக்க முடியுமா என்று எம்.ஐ.டி.யில் நார்பர்ட் வீனரும் ஜூலியன் பிகலோவும் 1941 முதல் முயன்றார்கள். மஞ்சள் அட்டை போட்ட வீனரின் ரகசிய அறிக்கை 1942-ல் வெளிவந்தது. அதைப் படிக்கத் திணறிய இன்ஜினீயர்கள் அதற்கு ‘மஞ்சள் பேராபத்து’ என்று பெயர் வைத்தார்கள். ஒப்பிட்டுப் பார்த்தபோது அவரது முறை, நேர்கோட்டை நம்பும் முறையைவிடப் பெரிதாக எதையும் சாதிக்கவில்லை, திட்டம் நிறுத்தப்பட்டது. ஆனால் விமானியையும் சுடுபவரையும் கருவியையும் ஒரே பின்னூட்ட வளையத்துக்குள் வைத்து யோசிக்க வீனர் அங்கேதான் பழகினார். 1948-ல் அது சைபர்னெடிக்ஸ் என்ற நூலாயிற்று. அந்த நூலையும், போர் முடிந்தபின் ராணுவத்துக்கு வேலை செய்ய அவர் மறுத்ததையும் அடுத்த இதழில் பார்ப்போம்.

(தொடரும்)